முதுகு காட்டி ஏறிய மலை

சிலிம் ரிவர் தாண்டியதும் ஒரு செம்பனை லாரியை முந்தலாம் என்று மிதித்தேன். என்ஜின் கத்தியது. ஊசி நாலாயிரத்தைத் தொட்டது. கார் மட்டும் லாரிக்காரரிடம் ஏதோ விசாரிக்க வேண்டியிருப்பதுபோல அவருக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு விநாடி இருக்கும். பிறகு முதுகில் ஒரு தட்டு, கார் பாய்ந்தது.

"என்னாப்பா சத்தம்?" என்றார் அம்மா.

"ஒன்னுமில்லம்மா, லாரி."

அந்தப் பொய்யை நான் ஆறு மாதமாகச் சொல்லிவந்தேன். பெரும்பாலும் எனக்கே. காலையில் கியரை டி-யில் போட்டால் கார் ஒரு மூச்சு விட்டுத்தான் நகரும். குளிர்ந்திருக்கிறது என்பேன். மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது என்ஜின் ஒரு கணம் அவிழ்ந்த மாடுபோல் துள்ளும். ஏர்கோன் ஓடுகிறதல்லவா என்பேன். ஒருநாள் மனசு கேட்காமல் போர்ட்டிக்கோவில் பானெட்டைத் திறந்து, கியர் எண்ணெய் அளவு பார்க்கும் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் மேல்கோடு வரைக்கும் இருந்தது. துடைத்துச் சொருகிவிட்டு நிம்மதியாகக் காப்பி குடிக்கப் போனேன். அந்தக் கம்பியை நான் பார்த்த விதமே தவறு என்பது மலைமேல் ரிங்லெட் ஊரில்தான் தெரிந்தது.

வண்டிக்கு அப்போது இருபது வயது. தம்பியிடம் புதுக் கார் இருந்தது. அதில் உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது என்று அம்மா சொல்லிவிட்டார். இந்தப் பழைய காடியின் முன்சீட்டு அவர் இடுப்புக்கேற்றபடி குழிந்திருந்தது. அவர் பிறந்தது கேமரன் மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். பதினெட்டு வயதில் கல்யாணமாகிக் கிள்ளானுக்கு இறங்கியவர் அதன்பிறகு அந்த லயத்துப் பக்கம் போனதே இல்லை. லயத்தை இடிக்கப்போகிறார்கள் என்று யாரோ சொந்தக்காரர் சொல்ல, ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றார்.

மேற்கிலிருந்து மலைக்கு இப்போது இரண்டு வழி. வடக்கே சிம்பாங் பூலாயிலிருந்து வரும் சாலை புதியது, அகலமானது, ஏற்றமும் மிதமானது. புத்தியுள்ளவர்கள் அதில்தான் ஏறுவார்கள். தெற்கே தாப்பாவிலிருந்து ஏறுவது வெள்ளைக்காரன் காலத்து வழி. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் அந்த மலைப்பக்கம் அலைந்து திரிந்து தன் பெயரை விட்டுப்போனார். வண்டி போகும் சாலை வந்து சேர 1930களின் தொடக்கம் ஆகிவிட்டது. ஆற்றை ஒட்டி, மலை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து போகும் சாலை. தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர், உயரம் 1,400 மீட்டருக்கு மேல். "எறங்குன வழியிலதான் ஏறணும்" என்று அம்மா முடிவாகச் சொல்லியிருந்தார். தாப்பாவில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் சாப்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினோம்.

முதல் பத்து கிலோமீட்டர் நல்லபடியாகப் போனது. அப்புறம் ஒவ்வொரு வளைவிலும் அது வந்தது. குறிப்பாக இடப்பக்க வளைவு. என்ஜின் ஏறும், கார் ஏறாது. காய்கறி லாரி ஒன்று பின்னால் வந்து முட்டுவதுபோல் நின்று விளக்கைச் சிமிட்டியது. பதற்றத்தில் இன்னும் மிதித்தேன். மிதிக்க மிதிக்க வழுக்கல் கூடியது. லாத்தா இஸ்கந்தார் அருவிக்கு வந்தபோது ஒரு வாடை. பிரேக் தேய்ந்த வாடை இல்லை, ரப்பர் வாடையும் இல்லை. அடுப்பில் மறந்துவிட்ட ரொட்டி தீய்வதுபோல, அதில் கொஞ்சம் இனிப்பு கலந்ததுபோல. ஓரங்கட்டினேன்.

அருவிக்கு எதிரே பூர்வகுடியினர் மூங்கில் கொட்டகை போட்டு பெட்டாய்க் காயும் காட்டுத் தேனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். அம்மா இறங்கிப் பெட்டாய் விலை பேசப் போய்விட்டார். நான் என்ஜினை ஓடவிட்டபடியே பானெட்டைத் திறந்து கம்பியை உருவினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கம்பியில் எண்ணெயே இல்லை. நுனியில் மட்டும் ஒரு பொட்டு, கட்டங்காப்பி நிறத்தில்.

கையால் கியர் போடுகிற வண்டியில் என்ஜினையும் சக்கரத்தையும் சேர்ப்பது ஒரு கிளட்ச் தட்டு. அதை அழுத்தியும் விடுவித்தும் ஓட்டுவது நம் இடது கால். ஆட்டோ கியரில் அந்தக் காலின் வேலையை எண்ணெய் செய்கிறது. முதலில் டார்க் கன்வெர்ட்டர் என்ற பூசணிக்காய். அதற்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே முகம் பார்த்து நிற்கின்றன. ஒன்றை என்ஜின் சுற்ற, அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுற்றுகிறது. இந்த இரண்டாவது விசிறியைப் பொறியாளர்கள் டர்பைன் என்கிறார்கள். பெயர் சும்மா வைத்ததில்லை. நாங்கள் ஏறிக்கொண்டிருந்த அதே மலையின் வயிற்றுக்குள், ஜோரில், ரிங்லெட் ஏரியின் தண்ணீர் சுரங்கம் வழியாக இறங்கிவந்து டர்பைன்களைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறது. அங்கே தண்ணீர், இங்கே எண்ணெய்.

பூசணிக்காய்க்கு அடுத்து வருவது பெட்டி. அதற்குள் மெல்லிய வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒன்று வெறும் எஃகு, அடுத்தது அட்டைபோன்ற பூச்சு ஒட்டியது, மறுபடி எஃகு. எண்ணெயின் அழுத்தம் அடுக்கை நெரித்தால் எல்லாம் ஒன்றாகச் சுற்றும். அது ஒரு கியர். இன்னோர் அடுக்கை நெரித்தால் வேறு கியர். அழுத்தம் குறைந்தால் நெரிப்பு தளர்ந்து தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று தேய்ந்து வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டில் பூச்சு கருகும், கருகினால் இன்னும் வழுக்கும். ஏற்றத்தில் வேகமாக மிதிப்பவன் இந்தச் சக்கரத்தைத் தன் காலாலேயே சுற்றிவிடுகிறான். வளைவில் வழுக்கியதன் காரணமும் அதுதான். தொட்டியில் குறைந்துபோன எண்ணெய் வளைவில் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை உறிஞ்சியது.

இந்த எண்ணெய்க்கு ஒரு பழங்கதை உண்டு. ஆட்டோ கியரைப் பெருமளவில் முதலில் விற்றது அமெரிக்கா. 1940ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ஹைட்ரமாட்டிக் என்ற பெயரோடு வந்தது. தட்டுகள் கடித்துப் பிடிக்கவும் வேண்டும், உதறாமல் மெல்லவும் பிடிக்க வேண்டும். அந்தப் பக்குவத்துக்காக எண்ணெயில் திமிங்கில எண்ணெய் கலந்தார்கள். ஸ்பெர்ம் திமிங்கிலத்தினுடையது. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா அதைத் தடை செய்த பிறகுதான் வேதியியலார் மாற்று தேடி அலைந்தார்கள். கடலில் மூழ்கிக் கிடந்த ஒரு பிராணியைக் கொன்று, அண்ணாச்சி ஒருவர் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓட்ட வசதி செய்திருக்கிறார்கள். நான் அந்த அண்ணாச்சிகளின் பரம்பரை.

நாற்பது நிமிடம் ஆறவிட்டோம். விளக்கைச் சிமிட்டிய அதே லாரிக்காரச் சீனர் அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ரிங்லெட்டில் ஒரு இந்தியப் போமன் இருக்கிறார், ஆட்டோ கியர் தெரிந்தவர் என்று மலாயில் சொன்னார். வொர்க்‌ஷாப்பில் கார் பழுது பார்ப்பவரை எங்கள் நாட்டில் மூன்று இனத்தாரும் போமன் என்றுதான் சொல்வோம். ஃபோர்மன் என்ற ஆங்கிலச் சொல் மலாய் நாக்கில் புரண்டு தமிழுக்கும் வந்தது. "எண்ணெயில்லாமல் போகாதே" என்றும் அவர் சொன்னார். ஆனால் அந்த அருவியில் எண்ணெய் ஏது? கியர் தடியிலுள்ள பொத்தானை அமுக்கி ஓவர்டிரைவை நிறுத்தினேன். தடியை 2இல் இழுத்தேன். அடிக்கடி மாறாமல் ஒரே கியரில் நின்றால் தட்டுகளுக்குச் சண்டை குறையும். முட்டை மேல் கால் வைப்பதுபோல் மிதித்து, பின்னால் வருகிறவர்களையெல்லாம் கைகாட்டி முன்னே விட்டு, ரிங்லெட் போய்ச் சேர்ந்தேன். அந்த வேகத்தில்தான் அம்மாவுக்குச் சாலை அடையாளம் தெரிய ஆரம்பித்தது. இந்தப் பாலம், இந்தப் பாறை, இங்கே ஒரு மலாய்க்காரர் கடை இருந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

போமனுக்கு அறுபது வயதிருக்கும். காதில் ஒரு பென்சில். நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"கம்பிய எப்படிப் பாத்தீங்க தம்பி?"

"காலையில, வீட்டுல. வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி."

"என்ஜின் ஓடல?"

"ஓடல அண்ணே."

சிரித்தார். என்ஜின் எண்ணெயைத்தான் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். கியர் எண்ணெய் அப்படியில்லை. நிறுத்தினால் மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்ணெயெல்லாம் தொட்டிக்கு இறங்கிவந்து, இல்லாததை இருப்பதாகக் காட்டும். கார் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், சமதரையில் நிற்க வேண்டும், தடியை எல்லாக் கியருக்கும் ஒரு சுற்று கொண்டுபோய் வந்து, என்ஜின் ஓட ஓடப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் தடி பி-யில் இருக்க வேண்டும், என்னுடையதைப் போன்ற சிலவற்றில் என்-இல். நிறுத்திப் பார்க்கும் வண்டிகளும் உண்டாம். "புக்குல போட்டிருப்பான். யாரு படிக்கிறா?" என்றார்.

ஒரு வெள்ளை டிஷ்யூத் தாளை எடுத்து, கம்பி நுனியிலிருந்து ஒரு சொட்டு வைத்தார். நல்ல எண்ணெய் என்றால் ரோஜா சிரப் நிறத்தில் வட்டமாகப் பரவும். கூலன்ட் தண்ணீர் கலந்திருந்தால் பண்டுங் மாதிரி, அதாவது சிரப்பில் பால் ஊற்றிய நிறத்தில் இருக்கும். ரேடியேட்டருக்குள்ளேயே கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் இருக்கிறது. அது உள்ளே உடைந்தால் இரண்டும் கலந்துவிடும். அப்படியென்றால் பெட்டிக்குக் காரியம் செய்ய வேண்டியதுதான். என் சொட்டு பரவவே இல்லை. நடுவில் கருப்பாக நின்றது, அதில் பொடிப்பொடியாக ஏதோ.

"இது எண்ணெய் இல்ல தம்பி. உங்க தட்டு."

காருக்கு அடியில் விளக்கைப் பிடித்துப் பார்த்தார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் கிளிப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. "என்ஜின் ஆயில் எரிஞ்சு கொறையும். இது கொறையாது. கொறைஞ்சிருந்தா எங்கயோ ஒழுகுதுன்னு அர்த்தம். வீட்டுல தரையில செவப்பா ஒன்னும் பாக்கலையா?"

பார்த்திருந்தேன். போர்ட்டிக்கோவில் அங்கங்கே சிவப்புக் கறை. அம்மாவுக்கு வெற்றிலைப் பழக்கம். இரண்டு தடவை சண்டையே போட்டிருக்கிறேன்.

"நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றார் அம்மா, ஸ்டூலில் உட்கார்ந்தபடி. "அது நான் துப்புனது இல்லன்னு."

போமன் குழாயை மாற்றி, ஒன்றரை லிட்டர் ஊற்றினார். பழையதையெல்லாம் வடித்து மொத்தமாக மாற்றிவிடலாமே என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இந்தக் காரியத்தில் போமன்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. கருகிய பெட்டியில் புது எண்ணெய் ஊற்றினால் உடனே செத்துவிடும், பழைய எண்ணெயில் மிதக்கும் தூள்தான் தட்டுகளைப் பிடிக்க வைத்துக்கொண்டிருக்கிறது என்பது ஒரு கட்சி. எனக்கு அது செத்தவனைக் கடைசியாகப் பார்த்த வைத்தியர்மேல் பழிபோடுவதாகத்தான் படுகிறது. புது எண்ணெய்க்கு முன்பே தட்டு போயிருக்கும். இவர் வேண்டாம் என்றதன் காரணம் வேறு. தொட்டியின் போல்ட்டைக் கழற்றினால் பாதி எண்ணெய்கூட வராது, மிச்சம் பூசணிக்காய்க்குள் தங்கிவிடும். மாற்ற வேண்டிய பெட்டிக்கு எதற்குச் செலவு? ஈப்போவில் ஹாஃப்-கட் கடையில் சொல்லி வைக்கிறேன் என்றார். ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாக அறுத்து, என்ஜினும் கியர்பெட்டியுமாக முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து விற்கும் கடைகள் அவை. எங்கள் நாட்டுப் பழைய கார்களில் எத்தனையோ அந்தப் பாதிகளின் புண்ணியத்தில் ஓடுகின்றன.

"தோட்டம் வரைக்கும் போவுமா?" என்று கேட்டார் அம்மா.

"போவும்க்கா. மெதுவா போனா போவும். திரும்பி வர்றதுக்கு நான் கேரண்டி இல்ல."

ரிங்லெட் ஏரியைச் சுற்றிக்கொண்டு போனோம். 1960களின் தொடக்கத்தில் அணை கட்டியபோது அம்மா சின்னப் பெண். அப்போது பச்சையாக இருந்த தண்ணீர் இப்போது செம்மண் நிறம். மேலே காட்டை வெட்டிக் காய்கறிக்கு நெகிழித் துணிப்பந்தல் போட்டதில் மழைக்கு மண் கரைந்து வந்து ஏரி தூர்ந்துகொண்டிருக்கிறது. தூர் வாரும் இயந்திரம் ஒன்று நடுவில் நின்றது. ஜோருக்குப் போகும் தண்ணீரும் என் வண்டி எண்ணெயும் ஒரே நோயில் கிடந்தன.

தோட்டத்துச் சாலை ஒரு காரின் அகலம்தான். இரண்டு பக்கமும் தேயிலை. முக்கால்வாசி தூரம் போனோம். கடைசி ஏற்றம், அதற்கு மேலே லயத்தின் தகரக் கூரை தெரிந்தது. டி-யில் மிதித்தேன். என்ஜின் ஊளையிட்டது. கார் பின்னால் இறங்கியது. 2இல் போட்டேன், எல்-இல் போட்டேன். ஒன்றுமில்லை. முன்னே நகர்த்தும் கியர்களுக்குப் பொதுவாக ஓர் அடுக்கு உண்டு. அது போய்விட்டால் முன்பக்கம் என்பதே கிடையாது.

அம்மா எதுவும் பேசவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் தேய்ந்தவர், அந்த ஏற்றத்தில் நடக்க முடியாது. முன்னூறு மீட்டர் இருக்கும்.

காரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வித்தை ஆட்டோ கியரில் செல்லாது. எண்ணெய் பம்பைச் சுற்றுவது என்ஜின். அது ஓடாதபோது சக்கரத்தை எத்தனை சுற்றினாலும் தட்டுகள் பிடிக்காது. கயிறு கட்டி இழுப்பதும் ஆகாது. ஓட்டும் சக்கரம் தரையில் உருண்டால் பெட்டி எண்ணெயின்றிக் காய்ந்து தேயும். ஒவ்வொன்றாக மனத்தில் கழித்துக்கொண்டு வந்தபோது மிச்சம் நின்றது ஆர் என்ற ஓர் எழுத்து. பின்கியருக்கு வேறு அடுக்கு. அது வருஷம் முழுக்கச் சும்மா கிடக்கிறது. போதாக்குறைக்கு, பின்கியரில் பெட்டி எண்ணெய் அழுத்தத்தைத் தானே கூட்டிக்கொள்ளும். மெல்லக் கீழே உருளவிட்டுத் தேயிலை லாரி திரும்பும் மூலையில் காரைத் திருப்பினேன். ஆர்-இல் போட்டேன். பல்லைக் கடித்தது மாதிரிப் பிடித்தது.

முன்சக்கரம் இழுக்கிற வண்டி. முதுகு காட்டி ஏறும்போது அதன் பாரமெல்லாம் பள்ளத்துப் பக்கம், இழுக்கும் சக்கரத்தின் மேலேயே இறங்குகிறது. அந்த ஈர மண்ணில் ஒரு வழுக்கல்கூட இல்லை. கழுத்துதான் போனது. தேயிலை வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அம்மாவின் காலத்தில் அந்த நிரையில் எல்லாரும் தமிழ்ப் பெண்கள். இப்போது வங்காளதேசத்து இளைஞர்கள், நேபாளிகள், கையில் மோட்டார் கத்தரி. அவர்களில் ஒரு பையன் ஓடிவந்து பின்னால் நடந்துகொண்டே, கையை இப்படியும் அப்படியும் ஆட்டி வழிகாட்டினான். அவன் சொன்னதில் "ஸ்லோ, ஸ்லோ" மட்டும் எனக்குப் புரிந்தது.

நான் பின்னால் திரும்பியிருந்ததால் எனக்கு லயம் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரிந்தது எதிர்ப்பக்கம், கீழே விரிந்துகொண்டே போன பள்ளத்தாக்கு. கல்யாணத்தன்று லாரியின் பின்பலகையில் உட்கார்ந்து இறங்கியபோது லயத்தைத்தான் பார்த்துக்கொண்டே போனாராம். "அன்னைக்குப் பாக்காதது இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பன்னிரண்டு வீட்டு வரிசையில் ஏழில் கதவில்லை. அவருடைய வீட்டில் யாரோ உர மூட்டை அடுக்கியிருந்தார்கள். அரைமணி நேரம் நின்றோம். அந்தப் பையனுக்கு அம்மா பாதிப் பெட்டாயைக் கொடுத்தார்.

போமன் முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டும் லாரியோடு மாலையில் வந்தார். தானா ராத்தாவில் ஒரு சித்தி வீட்டில் நான்கு நாள் தங்கினோம். ஈப்போவிலிருந்து பெட்டி வந்தது, கூலியோடு ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. காரின் மதிப்பில் பெரும்பகுதி அது என்று தம்பி தொலைபேசியில் கணக்குச் சொன்னான். கொடுத்தேன்.

கார் எடுக்கப் போன அன்று, பழைய பெட்டியை அவர் ஆர்வத்துக்குப் பிரித்து, தமிழ் நாளிதழ் விரித்து அதன்மேல் பரப்பி வைத்திருந்தார். முன்கியர் தட்டுகள் பூச்சு முழுக்க உதிர்ந்து, எஃகு நீலம் பாய்ந்து, கருவாடாகக் கிடந்தன.

அம்மா குனிந்து பார்த்தார். "இதுல எங்கள மேல ஏத்துனது எது தம்பி?"

போமன் ஓரத்திலிருந்த தனி அடுக்கிலிருந்து ஒரு தட்டை எடுத்து, துணியில் துடைத்துக் கொடுத்தார். காப்பிக்கொட்டை நிறத்தில் பூச்சு அப்படியே இருந்தது. அம்மா அதை விரலால் சுற்றிலும் தடவினார்.

"சொரசொரன்னு புதுசாட்டம் இருக்கே. இத அந்தப் பொட்டியில போட்டுக்க முடியாதா?"

"அதுலயும் ஒன்னு இருக்குக்கா."